ஷாட்டுக்கு அகராதி கிடையாது

திரைப்பட ரசனை முகாம்களில் வகுப்பெடுக்கும் நண்பர்களுக்கு,

உங்கள் முகாம்களில் கொடுக்கும் கையேடுகள் சில என் கைக்கு வந்தன. ஊர் வேறு, அச்சகம் வேறு. உள்ளே இருப்பது ஏறத்தாழ ஒன்றுதான். 'சினிமாவின் இலக்கணம்' என்று தலைப்பிட்ட ஒரு பக்கம், அதில் கோடு போட்ட ஓர் அட்டவணை. கேமரா கீழிருந்து பார்த்தால் அதிகாரம், மேலிருந்து பார்த்தால் பலவீனம். குளோசப் உணர்ச்சி, லாங் ஷாட் தனிமை. சிவப்பு ஆபத்து, நீலம் சோகம். மழை என்றால் துயரம் அல்லது காதல் (இந்த 'அல்லது' எனக்கு ரொம்பப் பிடித்தது). பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் சசூர், மெட்ஸ் என்று இரண்டு பெயர்கள், ஆதாரம் காட்டுவதுபோல.

மொழியியல் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். அந்த இருவரின் பெயரையும் அந்த அட்டவணைக்கு அடியில் போட்டது அநியாயம். இருவரும் தம் வாழ்நாளில் எதை மறுத்துப் பேசினார்களோ, அதற்கே அவர்களைச் சாட்சிக்கு அழைத்திருக்கிறீர்கள்.

சசூரிலிருந்து தொடங்குகிறேன். ஜெனீவாவில் 1907-க்கும் 1911-க்கும் இடையில் மூன்று முறை பொது மொழியியல் வகுப்பு நடத்தியவர். 1913-இல் இறந்துபோனார். அந்த வகுப்புகளை அவர் புத்தகமாக எழுதவில்லை. மாணவர்களின் குறிப்பேடுகளைச் சேர்த்து பாய்யியும் செஷஹேயும் 1916-இல் வெளியிட்டதுதான் இன்று உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படும் நூல். அதில் அவர் முதலில் உடைப்பதே, மொழி என்பது பெயர்ப்பட்டியல் என்ற நம்பிக்கையை. உலகத்தில் பொருள்கள் முன்பே தனித்தனியாகப் பிரிந்து கிடக்கின்றன, ஒவ்வொன்றின் மேலும் மொழி ஒரு சீட்டை ஒட்டுகிறது என்று நாம் நினைக்கிறோம். சசூர் அதை ஏற்கவில்லை. ஒரு குறிக்குள் சொந்தச் சரக்கு எதுவும் இல்லை; பக்கத்தில் இருக்கும் மற்றக் குறிகளிலிருந்து அது வேறுபடுவதே அதன் மதிப்பு. சதுரங்கத்தில் குதிரைக் காய் தொலைந்துவிட்டால் அந்த இடத்தில் ஒரு பொத்தானை வைத்துக்கூட ஆடலாம், மற்றக் காய்களோடு குழம்பாமல் இருந்தால் போதும் என்பது அவர் விளக்கத்தின் சாரம்.

தமிழில் காட்டுவது சுலபம். படம், பழம், பணம், பயம், பலம். நடுவில் ஒரே ஓர் எழுத்து மாறுகிறது, சொல்லே மாறிப்போகிறது. ழகரத்துக்கு என்ன அர்த்தம் என்று யாரும் கேட்பதில்லை. அதற்கு அர்த்தம் கிடையாது. டகரமாகவோ ணகரமாகவோ இல்லாமல் இருப்பதே அதன் வேலை. பொருளில்லாத சில ஒலிகளைச் சேர்த்துப் பொருளுள்ள சொல்லைக் கட்டுவது, அந்தச் சொற்களை அடுக்கி வாக்கியம் கட்டுவது என்ற இந்த இரண்டடுக்கு அமைப்பைத்தான் அந்த்ரே மார்த்தினே என்ற பிரெஞ்சு மொழியியலாளர் மனித மொழியின் அடையாளம் என்றார்.

இப்போது சினிமாவுக்கு வருவோம். 1964-இல் பாரிஸில் 'கொம்யூனிகாசியோன்' இதழின் நான்காவது எண் வந்தது. ரோலான் பார்த்தின் குறியியல் அரிச்சுவடி அதில்தான் வெளியானது. அதே இதழில் கிறிஸ்டியன் மெட்ஸ் என்ற முப்பத்து சொச்சம் வயது இளைஞர் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். சோவியத் இயக்குநர் எய்சன்ஸ்டைன் காலம் முதலே சினிமாவை மொழி என்று சொல்லிச் சொல்லி எல்லாருக்கும் பழகிவிட்டிருந்தது. மெட்ஸ் அதை ஒரு கேள்வியாக மாற்றினார். சினிமா பொருள் உணர்த்துகிறது, சரி. ஆனால் தமிழுக்கோ பிரெஞ்சுக்கோ இருப்பதுபோல, பேசுவதற்கு முன்பே எல்லார் தலையிலும் ஏறியிருக்கும் ஓர் அமைப்பு அதற்கு உண்டா? இல்லை என்பது அவர் பதில். சினிமா ஒரு வெளிப்பாட்டு முறை, அடியில் மொழியமைப்பு இல்லாத ஒன்று.

அவர் அடுக்கிய காரணங்களை உங்கள் கையேட்டில் போட்டிருந்தால் கைதட்டியிருப்பேன். சொற்கள் எத்தனை என்று அகராதி எண்ணிவிடும். எடுக்கக்கூடிய ஷாட்டுகளுக்கு எண்ணிக்கை கிடையாது. சொல்லை நாம் உருவாக்குவதில்லை, ஏற்கெனவே இருப்பதை எடுத்துக்கொள்கிறோம். ஷாட்டை ஒவ்வொரு முறையும் ஒருவர் புதிதாக உண்டாக்க வேண்டியிருக்கிறது. துப்பாக்கி என்ற சொல் வெறும் பெயர். துப்பாக்கியின் குளோசப்பைத் திரையில் காட்டினால், குறைந்தபட்சம் 'இதோ ஒரு துப்பாக்கி' என்ற அளவுக்காவது அது பேசிவிடுகிறது. ஆக ஷாட் சொல்லைவிட வாக்கியத்துக்குத்தான் நெருக்கம். மார்த்தினேயின் இரண்டாம் அடுக்கோ சினிமாவில் இல்லவே இல்லை. 'நாய்' என்ற சொல்லை உடைத்தால் மிஞ்சும் நகர ஒலியில் நாயின் வால்கூடக் கிடையாது. நாயின் படத்தைக் குறுக்கே வெட்டினால் அரை நாய் கையில் இருக்கும்.

இதை மற்றவர்கள் சும்மா விடவில்லை. இத்தாலியில் பெசாரோ திரைப்பட விழாவின் கருத்தரங்குகளில் இயக்குநர் பசோலினியும் குறியியலாளர் உம்பர்த்தோ எக்கோவும் மறுப்புச் சொன்னார்கள். திரையில் தெரியும் கதவு, நாற்காலி, கை எல்லாம்தான் மிகச்சிறிய அலகுகள் என்றார் பசோலினி. கதவைக் கதவு என்று அடையாளம் காண்பதே பண்பாடு கற்றுத்தந்த ஒரு விதி, அதையும் உடைத்துப் பார்க்க முடியும் என்று எக்கோ இரண்டடுக்கு போதாமல் மூன்றடுக்கு போட்டார். அந்தச் சண்டையின் விவரம் உங்களுக்கு வேண்டாம். அறுபதுகளின் மூளைக்காரர்களுக்கு அடுக்கு என்றால் ஒரு மோகம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு வேண்டியது வேறு. ஷாட் சொல் இல்லை என்றால், சொல்லுக்குப் பொருள் எழுதுவதுபோல் ஷாட்டுக்குப் பொருள் எழுதும் அட்டவணை எந்தக் காலில் நிற்கிறது? 'சிட்டிசன் கேன்' (1941) படத்தை முகாமுக்கு முகாம் போடுகிறீர்கள். தேர்தலில் தோற்றபின் கேன் தன் அலுவலகத்தில் தனியாக நிற்கும் காட்சி நினைவிருக்கும். நண்பன் லீலண்ட் குடித்துவிட்டு வந்து, என்னை சிகாகோவுக்கு மாற்றிவிடு என்று கேட்கிறான். அந்தக் காட்சி முழுக்கக் கேமரா தரையோடு தரையாக, அண்ணாந்து பார்க்கிறது. அவ்வளவு கீழே இறக்குவதற்காகத் தளத்தின் தரையையே வெட்டினார்கள். அட்டவணைப்படி அங்கே நிற்பவன் அதிகாரத்தின் உச்சியில் இருக்க வேண்டும். அவனோ பதவியையும் நண்பனையும் ஒரே இரவில் இழந்துகொண்டிருக்கிறான்.

இன்னொன்று, ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960). துப்பறியும் ஆர்பகாஸ்ட் மாடிப்படி ஏறுகிறார். மேல்படியை எட்டும்போது கேமரா சட்டென்று கூரைக்குப் போய்விடுகிறது. அறையிலிருந்து ஓர் உருவம் கத்தியோடு பாய்ந்து வருகிறது. ஆர்பகாஸ்ட் பலவீனமானவர் என்று காட்டத்தான் மேல்கோணம் என்று உங்கள் கையேடு சொல்லும். ஹிட்ச்காக் இயக்குநர் த்ரூஃபோவிடம் சொன்ன காரணங்கள் இரண்டு. ஒன்று, பாய்ந்து வரும் அம்மாவின் முகத்தை மறைக்க வேண்டும், மறைக்கிறோம் என்றும் தெரியக்கூடாது. இரண்டாவதுதான் நமக்கு வேண்டியது. அடுத்து வரப்போவது ஆர்பகாஸ்டின் பெரிய முகம், குளோசப்பில். அந்தப் பெரிய முகம் அறைய வேண்டுமென்றால் அதற்கு முந்தியது சின்னதாகவும் தூரமாகவும் இருக்க வேண்டும். வயலின்கள் ஒலித்துக்கொண்டிருக்கும்போது பித்தளைக் கருவிகள் திடீரென்று முழங்குவதுபோல என்று விளக்கினார். சசூரை அவர் படித்தாரா என்று எனக்குக் கவலையில்லை. அந்த மேல்கோணத்துக்கு அடுத்த ஷாட்டிலிருந்து மதிப்பு வருகிறது என்பதை ஒரு தொழில்காரர் தொழில்காரர் மொழியில் சொல்லிவிட்டார்.

ஆனால் மெட்ஸின் 1964 கட்டுரையை மட்டும் வைத்துக்கொண்டால் ஒரு முட்டுச்சந்தில் போய் நிற்போம். ஓர் இடத்தில் வரக்கூடிய ஷாட்டுகளுக்குக் கணக்கே இல்லை, ஆகவே வந்த ஷாட்டை வராத ஷாட்டுகளோடு ஒப்பிட்டுப் பொருள் காண்பது மிகக் கொஞ்சமே முடியும் என்றும் அவர் அதில் சொல்கிறார். அப்படியானால் வேறுபாட்டிலிருந்து பொருள் என்ற சசூரின் வழி சினிமாவுக்கு மூடிவிட்டதா? மூடவில்லை. 1971-இல் வந்த 'மொழியும் சினிமாவும்' நூலில் மெட்ஸ் கேள்வியையே நகர்த்தினார். சினிமாவுக்கென்று ஒரே ஓர் அமைப்பைத் தேட வேண்டாம். ஒரு படத்துக்குள் பல விதித்தொகுதிகள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. வெளிச்சத்துக்கு ஒன்று, உடைக்கு ஒன்று, வெட்டுக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று. சிலது சினிமாவுக்கே உரியது, பலது வெளியிலிருந்து வந்தது. முழு ஷாட்டை மாற்றிப் பார்ப்பது பயனற்றதாக இருக்கலாம். ஷாட்டுக்குள் ஒரு விதித்தொகுதியில் ஒரே ஓர் அம்சத்தை மாற்றிப் பார்க்கலாம். டென்மார்க்கின் யெல்ம்ஸ்லெவ் வழியில் மொழியியலாளர்கள் செய்துவரும் மாற்றுச் சோதனை இதுதான். ஒன்றை மாற்று, பொருள் மாறுகிறதா பார். மாறினால் அது குறி. மாறாவிட்டால் வெறும் அலங்காரம்.

'சைக்கோ'விலேயே செய்து பாருங்கள். தொடக்கத்தில் விடுதி அறையில் காதலனோடு இருக்கும்போது கதாநாயகி மேரியனின் உள்ளாடை வெள்ளை. நாற்பதாயிரம் டாலரைத் திருடிக்கொண்டு வீட்டில் பெட்டி கட்டும்போது கறுப்பு. இரண்டு காட்சியிலும் வெள்ளையாக இருந்திருந்தால் படம் அங்கே எதுவும் சொல்லவில்லை. இரண்டிலும் கறுப்பாக இருந்தாலும் அப்படியே. கறுப்பு என்றால் பாவம் என்று எழுதுவதற்கு முன்னால் இதைக் கவனியுங்கள்: பேசுவது நிறம் இல்லை, மாற்றம். வண்ணப்படத்தில் எத்தனையோ நிறங்களுக்கு நடுவே இது தொலைந்துபோகலாம். கறுப்பு வெள்ளைப் படத்தில் எதிரெதிர் நிற்க இரண்டே இரண்டு இருக்கின்றன.

நம் ஊர் வழக்கத்திலும் இது தெரியும். பழைய தமிழ்ப் படங்களில் இரண்டு பூக்கள் ஒன்றோடொன்று உரசினால் முத்தம், காற்றில் விளக்கு அணைந்தால் உயிர் போயிற்று. உங்கள் அட்டவணைக்கு மிக நெருங்கி வருபவை இவைதான், ஊருக்கே பொதுவான உறுதிப்பட்ட குறிகள். முத்தத்தையே திரையில் காட்டும் காலம் வந்ததும் பூக்களுக்கு என்ன ஆயிற்று? பூக்கள் மாறவில்லை, எடுக்கும் விதமும் மாறவில்லை. இன்று அதைக் காட்டினால் அரங்கில் சிரிப்பு வருகிறது. பக்கத்தில் புதிதாக ஒரு குறி நுழைந்ததால் இதன் மதிப்பு மாறிவிட்டது.

இனி நான் முகாம்களில் போடச் சொல்லும் படம். ஃபிரிட்ஸ் லாங் ஜெர்மனியில் 1931-இல் எடுத்த 'எம்'. குறிகள் எப்படிப் பிறக்கின்றன என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடப்புத்தகம் எனக்குத் தெரியாது.

தொடக்கத்தில் ஒரு தாய் மதியச் சாப்பாட்டுக்கு மேஜையைத் தயார் செய்கிறாள். சுவர்க்கடிகாரத்தில் குயில் கூவுகிறது. மகள் எல்சி பள்ளியிலிருந்து பந்தைத் தட்டிக்கொண்டே வருகிறாள். ஒரு தூணில் ஒட்டியிருக்கும் அறிவிப்பின் மேல் பந்தை எறிந்து எறிந்து பிடிக்கிறாள். குழந்தைகளைக் கொல்பவனைப் பிடித்துக்கொடுத்தால் பத்தாயிரம் மார்க் பரிசு என்பது அந்த அறிவிப்பு. அதன்மேல் ஓர் ஆணின் நிழல் விழுகிறது. அவன் சீட்டியடித்துக்கொண்டே பார்வையற்ற வியாபாரியிடம் அவளுக்கு ஒரு பலூன் வாங்கித் தருகிறான். தாய் ஜன்னலில் நின்று எல்சி, எல்சி என்று கூப்பிடுகிறாள். அந்தக் குரலின் மேல் படம் வரிசையாகக் காட்டுவது இவை: ஆளில்லாத மாடிப்படி, துணி காயும் காலியான பரண், சாப்பாட்டு மேஜையில் எல்சியின் தட்டு. பிறகு புதரிலிருந்து பந்து உருண்டு வந்து நிற்கிறது. பலூன் கம்பிகளில் சிக்கித் தவித்து, விடுபட்டுப் போகிறது.

கொலை நடந்துவிட்டது. நாம் எதையும் பார்க்கவில்லை.

அந்த மாடிப்படியை மேலிருந்துதான் எடுத்திருக்கிறார் லாங். அங்கே யார் பலவீனமானவர்? படிக்கட்டா?

பந்து என்றால் மரணம் என்று உலகத்தில் எந்த விதியும் இல்லை. சில நிமிடங்களுக்கு முன்பு அது எல்சியின் கையில் இருந்தது, அவள் கைக்கும் தரைக்கும் நடுவே ஓயாமல் துள்ளிக்கொண்டிருந்தது. இப்போது கை இல்லை, பந்து மட்டும் வருகிறது, வந்து அசையாமல் நிற்கிறது. நம் இலக்கணக்காரர்கள் ஆகுபெயர் என்று வகுத்துவைத்த இயக்கம் இது: ஒன்றின் பெயர் அதனோடு தொடர்புடைய இன்னொன்றுக்கு ஆகிவருவது. ரோமன் யாகப்சன் 1956-இல் பேச்சுக்குறைபாடு பற்றி எழுதிய கட்டுரையில், மொழி இயங்குவதே இரண்டு அச்சுகளில் என்றார். ஒத்திருப்பதை வைத்து ஒன்றுக்கு ஒன்றை மாற்றும் உருவக அச்சு ஒன்று. அருகிலிருப்பதை வைத்து நகரும் ஆகுபெயர் அச்சு மற்றது. சாப்ளின் 'மாடர்ன் டைம்ஸ்' (1936) தொடக்கத்தில் ஆட்டுமந்தையைக் காட்டிவிட்டு சுரங்கப்பாதையிலிருந்து வெளியே வரும் தொழிலாளர் கூட்டத்தைக் காட்டினார். அது ஒப்புமை. அந்த ஆடுகள் கதைக்குள் எங்கும் இல்லை, ஒப்பிடுவதற்காகவே வந்து போகின்றன. லாங்கின் பந்தோ கதைக்குள்ளேயே புழங்கிய பொருள்.

மாற்றுச் சோதனையை இங்கே செய்யுங்கள். எல்சி பந்தோடு வரும் ஷாட்டை எடுத்துவிட்டு, புதரிலிருந்து உருளும் பந்தை மட்டும் விட்டுவையுங்கள். யாரோ ஒரு பையன் தொலைத்த பந்தாகிவிடும். காலித் தட்டை எடுத்துவிடுங்கள்; தாயின் காத்திருப்பு பாதியாகிவிடும். படம் தன் அகராதியைத் தானே ஓடஓட எழுதிக்கொள்கிறது. முதல் சில நிமிடங்களில் பதிவான சொல் கொஞ்ச நேரம் கழித்துப் பயன்படுகிறது. படம் முடிந்தால் அந்த அகராதியும் முடிந்தது. வேறு படத்துக்கு அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

சீட்டியும் அப்படியே. கிரீகின் 'பீர் கிந்த்' இசையிலிருந்து ஒரு மெட்டு. முதலில் ஒரு மனிதனின் பழக்கம் மட்டும். பிறகு அவன் முகம் தெரியாவிட்டாலும் அந்த மெட்டு கேட்டாலே அவன் பக்கத்தில் இருக்கிறான் என்று நமக்குத் தெரிகிறது. கடைசியில் அதே மெட்டைக் காதால் கேட்டு அந்தப் பார்வையற்ற வியாபாரி கொலைகாரனை அடையாளம் காண்கிறார். ஓர் இளைஞன் தன் உள்ளங்கையில் சாக்கட்டியால் 'எம்' என்ற எழுத்தை எழுதி, தற்செயல்போல் அவன் தோளில் அறைந்து அச்சைப் பதிக்கிறான். கொலைகாரன் என்பதற்கான ஜெர்மன் சொல்லின் முதல் எழுத்து அது. நிழல், பந்து, சீட்டி என்று சொந்தமாகக் குறிகளை உண்டாக்கிவந்த படம், எல்லாருக்கும் பொதுவான ஓர் எழுத்தைக் கடைசியில் ஒருவன் முதுகில் ஏற்றுகிறது. இதைப் பற்றி மட்டுமே ஒரு நாள் முழுக்கப் பேசலாம்.

மெட்ஸின் பெயரைச் சொல்பவர்கள் எல்லாரும் கடைசியில் கொண்டுவந்து நிறுத்துவது அவருடைய எட்டு வகைப் பட்டியலை. 1966 முதல் அவர் திருத்தித் திருத்தி எழுதியது. கதைப்படத்தின் துண்டுகள் காலத்தால் எப்படி இணைகின்றன என்பதை வைத்து, தனி ஷாட், இணைகோட்டு அடுக்கு, மாறிமாறி வரும் அடுக்கு, காட்சி, தொடர் முதலான எட்டு வகைகளாகப் பிரித்தார். ஜாக் ரோசியேயின் 'அதியூ பிலிப்பீன்' (1962) படத்தை எடுத்துக்கொண்டு 83 துண்டுகளாகப் பிரித்தும் காட்டினார். அல்ஜீரியப் போருக்கு ஆள் எடுப்பதற்கு முன்னால் ஓர் இளைஞன் இரண்டு பெண்களோடு கோர்சிகா தீவில் சுற்றித்திரியும் படம் அது. அந்த வெயிலையும் சோம்பலையும் 83 துண்டு அட்டவணையில் தேடாதீர்கள், கிடைக்காது.

என் கருத்தில் அந்தப் பட்டியலைப் பாடமாக மனப்பாடம் செய்வது வீண். பேச்சையும் ஓசையையும் இசையையும் அது கணக்கிலேயே எடுப்பதில்லை. மெட்ஸே பின்னாளில் அதைப் பல விதித்தொகுதிகளில் ஒன்று என்று இடத்தைக் குறைத்துவிட்டார். ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் கேள்வி உயிருள்ளது: இந்த இரண்டு துண்டுகளும் ஒரே நேரத்தில் நடக்கின்றனவா, ஒன்றன்பின் ஒன்றா, அல்லது காலமே இல்லையா? அதைப் பார்ப்பவருக்கு யார் சொன்னது?

ஜோனதன் டெம்மியின் 'சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' (1991) இதற்கு விடை. ஒரு கொலைகாரனைப் பிடிக்க இல்லினாய் மாநிலத்தில் ஒரு வீட்டைக் காவல்படை சுற்றி வளைக்கிறது. பூக்கடைக்காரன் வேடத்தில் ஒருவன் போய் அழைப்புமணியை அழுத்துகிறான். வெட்டு. கொலைகாரனின் நிலவறையில் மணி அடிக்கிறது. மறுபடி வெளியே, மறுபடி உள்ளே. கொலைகாரன் கதவைத் திறக்கிறான். வாசலில் நிற்பது ஒஹாயோவில் தனியாக விசாரணைக்கு வந்த கதாநாயகி கிளாரிஸ். காவல்படை உடைத்து நுழைந்தது காலி வீட்டை. படம் நம்மிடம் பொய் எதுவும் சொல்லவில்லை. மாறிமாறிக் காட்டினால் ஒரே நேரம், மணியை அழுத்தியதும் அடித்தால் ஒரே இடம் என்று நாமே படித்துக்கொண்டோம். மௌனப்பட இயக்குநர் கிரிஃபித் காலத்திலிருந்து ஊறிப்போன விதி. விதி இல்லாத இடத்தில் ஏமாற்றவும் முடியாது.

பட்டியலில் இன்னொரு வகையை நீங்கள் ரசிப்பீர்கள். பல ஆண்டுகளைச் சின்னச் சின்னக் காட்சிகளாகச் சுருக்கி வரிசையாக அடுக்குவது. மெட்ஸ் காட்டிய உதாரணம் 'சிட்டிசன் கேன்' காலையுணவுக் காட்சி. கேனும் மனைவி எமிலியும் மேஜையில் கொஞ்சிக்கொண்டு தொடங்குகிறார்கள். ஒவ்வொரு துண்டிலும் பேச்சு சூடாகி, பிறகு குறைந்து, கடைசியில் எமிலி கேனின் போட்டிப் பத்திரிகையான 'கிரானிக்கிள்'-ஐ அவன் முகத்துக்கு எதிரே பிரித்துவைத்துப் படிக்கிறாள். இப்போது 'அண்ணாமலை' (1992) படத்தில் பால்காரர் ரஜினி ஒரே பாட்டில் கோடீஸ்வரர் ஆவதை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டமைப்பு ஒன்றே. ஒரே பாட்டில் பணக்காரராவதைக் கிண்டல் செய்வோர் கேனின் மேஜைக்கு மட்டும் பயபக்தியோடு தலையாட்டுகிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, எது எதனால் வேறுபடுகிறது என்று மாணவர்களைக் கேளுங்கள். ஒன்றில் திரும்பத் திரும்ப வரும் அதே மேஜை இருக்கிறது, அதனால் மாறுவது பளிச்சென்று தெரிகிறது. மற்றதில் இடம், உடை, வண்டி எல்லாமே மாறுகிறது, இடையறாமல் நிற்பது பாட்டு மட்டும்.

பாட்டு என்றதும் ஒன்று. படத்தைப் பற்றிப் பேசும்போது நாம் கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பேசுகிறோம். சினிமா ஐந்து சரக்குகளால் ஆனது என்று மெட்ஸ் கணக்குச் சொன்னார்: அசையும் படம், பேச்சு, ஓசை, இசை, திரையில் தெரியும் எழுத்து. ஐந்தில் மூன்று காதுக்கானவை. ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் ஓஹோ புரொடக்ஷன்ஸ் செல்லப்பாவான நாகேஷ், அப்பா பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் இடத்தை இதற்கு எடுத்துக்கொள்ளலாம். அங்கே பேய்ப்படம் எதுவும் ஓடவில்லை. பேச்சையும் ஓசையையும் பின்னணி இசையையும் நாகேஷ் வாயாலேயே போடுகிறார். படம் பாலையாவின் முகத்தில் ஓடுகிறது. சத்தத்தை அணைத்துவிட்டு ஒரு முறை, படத்தை மறைத்துவிட்டு ஒரு முறை என்று அதை ஓட்டிப் பாருங்கள். ஐந்து சரக்குகள் பற்றி அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. பாலையாவின் முகம் ஏன் அவ்வளவு சிரிப்பு வரவழைக்கிறது என்பதற்கு மட்டும் அமைப்பியலிடம் பதில் இல்லை. இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மெட்ஸ் சொன்ன ஒன்று நம் காலத்தில் ஆட்டம் கண்டுவிட்டது என்றும் சொல்லவேண்டும். மொழி இருவழிப் பாதை, சினிமா ஒருவழிப் பாதை, பார்ப்பவர் படத்துக்குப் படத்தால் பதில் சொல்வதில்லை என்றார். தமிழர்களின் கைபேசியை அவர் பார்க்கவில்லை. சம்பளம் வரவில்லையா, மேலாளர் திட்டினாரா, பரீட்சை முடிவு வந்ததா, அதற்கொரு வடிவேலு முகம் உண்டு. அனுப்பினால் பதிலுக்கு இன்னொரு வடிவேலு வரும், கவுண்டமணியும் வரலாம். எண்ணிக்கைக்கு உட்பட்ட ஓர் இருப்பு, எல்லாருக்கும் தெரிந்தது, யாரும் புதிதாக உண்டாக்காமல் எடுத்துப் பயன்படுத்துவது. ஷாட்டுக்கு இல்லை என்று மெட்ஸ் மறுத்த தகுதிகளில் பாதிக்கு மேல் இவற்றுக்கு இருக்கின்றன. 'ஃப்ரெண்ட்ஸ்' (2001) படத்தில் தலையில் சுத்தியல் விழுந்த காண்ட்ராக்டர் நேசமணிக்காக 2019 மே மாதம் ட்விட்டரில் உலகமே பிரார்த்தனை செய்தது. அந்தப் படத்தைப் பார்த்தே இராத பிள்ளைகளும் அந்த முகத்தைச் சரியான இடத்தில் பயன்படுத்துகிறார்கள். படத்திலிருந்து பிய்த்தெடுத்த பிறகு அந்த முகத்தின் மதிப்பு, அதைப்போன்ற மற்ற வடிவேலு முகங்களிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது என்பதில்தான் இருக்கிறது. உங்களில் இளையவர் யாராவது இதை முறையாக ஆராய்ந்து எழுதினால் முதல் வாசகனாக நான் இருப்பேன்.

இந்தச் சிந்தனை தமிழுக்குப் புதிதும் அல்ல. விமர்சகர் தமிழவன் 'ஸ்ட்ரக்சுரலிசம்' நூலை 1982-இலேயே கொண்டுவந்தார். இலக்கியக்காரர்கள் அதை வைத்துப் பல வருடம் சண்டை போட்டார்கள். சினிமா பக்கம் வந்துசேர்ந்தது ஏனோ அட்டவணை மட்டும்.

சினிமாவை மொழியியல் வழியில் பார்ப்பதற்கு எதிர்ப்பு இல்லாமல் இல்லை. 1985-இல் தத்துவவாதி டெல்யூஸ், படத்தை வாக்கியமாக்கினால் அதன் அசைவு செத்துப்போகிறது என்ற திசையில் வாதாடினார். அதே ஆண்டு திரைப்பட ஆய்வாளர் போர்ட்வெல், பார்ப்பவர் மூளை ஊகித்து ஊகித்துக் கதையைக் கட்டுவதை விளக்க மொழியியல் உதவாது என்றார். இருவருக்கும் நியாயம் உண்டு. மெட்ஸே எழுபதுகளில் மனப்பகுப்பாய்வுப் பக்கம் போய்விட்டார். ஆனாலும் மாற்றுச் சோதனையைவிட மலிவான, உறுதியான கருவியை ரசனை வகுப்புக்கு வேறு யாரும் இதுவரை தரவில்லை என்பது என் எண்ணம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த முகாமுக்கான கையேடு அச்சுக்குப் போகும் முன் அந்த இலக்கணப் பக்கத்தை எடுத்துவிடுங்கள். காலை அமர்வில் 'எம்' படத்தின் தொடக்கத்தை, பலூன் விடுபட்டுப் போகும் இடம் வரைக்கும் போடுங்கள். கோணத்துக்கு என்ன அர்த்தம், நிழலுக்கு என்ன அர்த்தம் என்று கேட்காதீர்கள். இதில் எதை மாற்றினால் எது மாறும் என்று கேளுங்கள். பிள்ளைகள் பதில் சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுக்கட்டும். சசூர், மெட்ஸ் பெயர்களை அன்று மாலை சொன்னால் போதும்.